பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன் (1922 – 2001)

இந்தியாவின் எர்ணாகுளத்தில் பிறந்த இராமச்சந்திரன், சேர் சி. வி. இராமனின் மாணவர். 1952இல் சென்னைப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் பேராசிரியரானார். 1954இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து கொலாஜன் புரதத்தின் முப்புரிச் சுருள் அமைப்பை எடுத்துக்காட்டினார்.

சாதாரண எக்ஸ் கதிர்ப் படத்தில் ஈரல், சதையி, சிறுநீரகம் என்பன ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதால் சிறிய புற்றுநோய்க் கட்டி மறைந்துவிடும். பல கோணங்களில் எக்ஸ் கதிரைச் செலுத்தி, கிடைக்கும் அளவீடுகளைக் கணித்து, உடலின் குறுக்குவெட்டைக் காட்டுவதே சி.ரி. ஸ்கான். இக்கணிப்பை விரைவாகவும் திருத்தமாகவும் செய்யும் முறையொன்றை 1971இல் இலட்சுமிநாராயணனுடன் இணைந்து வெளியிட்டார். பின்னர் வந்த ஸ்கான் கருவிகள் பல இவ்வகை முறையையே கைக்கொண்டன.

1979இல் சி.ரி. ஸ்கானுக்கான நோபல் பரிசு கோர்மக், ஹவுன்ஸ்ஃபீல்ட் இருவருக்கும் வழங்கப்பட்டது. இராமச்சந்திரன் 2001இல் சென்னையில் காலமானார். பரிசு கிடைக்காவிடினும், வெட்டிப் பார்க்காமலே வயிற்றுக் கட்டியை வைத்தியர் காண்பதில் அவரது கணிதத்துக்கும் பங்குண்டு.