அபேபே பிகிலா

அபேபே பிகிலா (ஆகஸ்ட் 7, 1932 – அக்டோபர் 25, 1973) எத்தியோப்பியாவைச் சேர்ந்த புகழ்பெற்ற மாரத்தான் ஓட்ட வீரர் ஆவார். 1960 ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் வெறுங்காலுடன் ஓடித் தங்கப் பதக்கம் வென்றார். 1964 ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கிலும் வென்று, ஒலிம்பிக் மாரத்தானை இருமுறை வென்ற முதல் வீரர் என்னும் பெருமையைப் பெற்றார். இரண்டு வெற்றிகளும் அக்காலத்தின் உலகச் சிறந்த நேரங்களாக அமைந்தன. சகாராவுக்குத் தெற்கேயுள்ள நாடுகளின் கருப்பின வீரர்களில் ஒலிம்பிக் தங்கம் வென்ற முதலாமவரும் இவரே.

எத்தியோப்பிய வழக்கில் குடும்பப் பெயர் இல்லை. அபேபே என்பதே இவருடைய இயற்பெயர் என்பதால் இக்கட்டுரையில் இவர் அபேபே என்றே குறிப்பிடப்படுகிறார்.

இளமை

அபேபே எத்தியோப்பியாவின் ஷோவா பகுதியிலுள்ள ஜாட்டோ என்னும் சிற்றூரில் பிறந்தார். அவர் பிறந்த நாளிலேயே லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கின் மாரத்தான் ஓட்டம் நடைபெற்றது. அவருக்கு மூன்று வயதானபோது இத்தாலி எத்தியோப்பியா மீது படையெடுத்தது. போரின் காரணமாக அவரது குடும்பம் இடம்பெயர நேர்ந்தது. 1941 இல் இத்தாலியப் படைகள் வெளியேற்றப்பட்ட பின்னரே நாட்டில் அமைதி திரும்பியது. சிறுவயதில் அவர் ஆடு மாடு மேய்த்தார். வளைந்த கோல்களைக் கொண்டு பரந்த வெளியில் ஆடப்படும் கென்னா என்னும் மரபு விளையாட்டிலும் ஈடுபட்டார்.

இளைஞரானதும் தலைநகர் அடிஸ் அபாபாவுக்குச் சென்று, பேரரசர் ஹைலி செலாசியின் மெய்க்காவல் படையில் வீரராகச் சேர்ந்தார். சுலுல்தா மலைப்பகுதிக்கும் நகருக்கும் இடையே நாள்தோறும் ஓடியே சென்று வந்ததாகக் கூறப்படுகிறது. 1960 இல் யெவெப்தார் என்பவரை மணந்தார். இவர்களுக்கு நான்கு குழந்தைகள்.

பயிற்சியும் தேர்வு ஓட்டங்களும்

படைவீரர்களுக்கு உடற்பயிற்சி அளித்து வந்த சுவீடன் நாட்டவரான ஓன்னி நிஸ்கானென் அபேபேயின் திறமையைக் கண்டறிந்து பயிற்சி அளித்தார். சாலையில் நெடுந்தொலைவு ஓடுவதோடு, குறுகிய தொலைவுகளை விரைவாக ஓடி, சிறிது ஓய்ந்து, மீண்டும் ஓடும் இடைவெளிப் பயிற்சியும் இதில் இடம்பெற்றது. அடிஸ் அபாபா கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் உள்ளது. இவ்வுயரத்தில் காற்றழுத்தம் குறைவாதலால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது. இதனை ஈடுசெய்ய உடல் கூடுதலான சிவப்பணுக்களை உருவாக்கிக்கொள்கிறது. அங்கு பயின்றவர் தாழ்நிலத்தில் ஓடும்போது இது அவருக்குத் துணைபுரிகிறது.

பயிற்சியின் மிக முக்கியமான பகுதி, ஒலிம்பிக்கிற்கு முன் உள்ளூரிலேயே முழுத் தொலைவையும் போட்டியாக ஓடிப் பார்ப்பதாகும். மாரத்தானின் தொலைவு 42.195 கி.மீ. தசைகளில் சேமிக்கப்பட்டுள்ள மாவுச்சத்து பொதுவாக 30 கி.மீ. அளவில் தீரத் தொடங்கும். அதன் பின் உடல் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதைக் குறுகிய ஓட்டங்களால் அறிய இயலாது. 1960 கோடையில் அடிஸ் அபாபாவில் நடந்த இரண்டு மாரத்தான் ஓட்டங்களில் அபேபே வென்றார். இரண்டாவது ஓட்டத்தை ஏறத்தாழ 2 மணி 21 நிமிடங்களில் முடித்தார். எமில் சாட்டோபெக் 1952 இல் ஹெல்சிங்கியில் நிகழ்த்திய 2:23:03.2 என்ற ஒலிம்பிக் சாதனையைவிட இது விரைவானது. அதுவும் உயரமான மலைநகரில் ஓடப்பட்டது. வெளியுலகம் இதனை அறியவில்லை, அறிந்த சிலரும் நம்பவில்லை.

அணியிலிருந்த வாமி பிராட்டு நோயுற்றதால் கடைசி நேரத்தில் அபேபே சேர்க்கப்பட்டார் என்னும் கதை பரவலாக வழங்குகிறது. எனினும் மேற்கண்ட தேர்வு ஓட்டங்களை நோக்க, அவர் தகுதியின் அடிப்படையிலேயே ரோமுக்குச் சென்றார் என்பது தெளிவு.

1960 ரோம் ஒலிம்பிக்

ரோமில் வாங்கிய காலணிகள் அபேபேயின் பாதங்களுக்குச் சரியாகப் பொருந்தவில்லை. வெறுங்காலில் ஓடிப் பழகியிருந்ததால் அவ்வாறே போட்டியிடுவதென அவரும் நிஸ்கானெனும் முடிவு செய்தனர்.

செப்டம்பர் 10, 1960 அன்று, வெப்பத்தைத் தவிர்க்கும் பொருட்டு, போட்டி மாலையில் தொடங்கியது. 69 வீரர்கள் பங்கேற்றனர். கேம்பிடோலியோ குன்றருகே தொடங்கிய பாதை, பழமையான அப்பியா சாலை வழியே நகருக்குத் திரும்பி, கான்ஸ்டன்டைன் வளைவில் முடிந்தது. இருட்டிய பின் வழியோரம் நின்ற படைவீரர்கள் ஏந்திய தீப்பந்தங்களே ஓட்டக்காரர்களுக்கு ஒளியூட்டின.

மொரோக்கோவின் ராதி பென் அப்தெஸ்ஸலாம் கடும் போட்டியாளர் என்றும், அவர் 26 ஆம் எண் அணிந்திருப்பார் என்றும் அபேபேயிடம் கூறப்பட்டிருந்தது. ஆனால் ராதி 185 ஆம் எண்ணுடன் ஓடினார். இதனால் அபேபே நெடுநேரம் அவருக்கு அருகிலேயே ஓடிக்கொண்டு, 26 ஆம் எண்ணுக்கு உரியவர் இன்னும் முன்னால் செல்வதாகவே எண்ணினார்.

முடிவிடத்தை நெருங்கும் பகுதியில் ஆக்சும் தூபி நின்றது. இத்தாலியப் படைகள் எத்தியோப்பியாவிலிருந்து கைப்பற்றி 1937 இல் ரோமுக்குக் கொண்டுவந்த தூபி அது. அதன் அருகிலேயே அபேபே வேகத்தைக் கூட்டி ராதியைப் பின்தள்ளினார். 2:15:16.2 நேரத்தில், 25.4 வினாடிகள் முன்னதாக வென்றார். சராசரியாக ஒரு கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 12 வினாடி ஆகும். சோவியத் வீரர் செர்கேய் போப்போவ் 1958 இல் ஏற்படுத்திய உலகச் சிறந்த நேரம் இதனால் 0.8 வினாடியில் முறியடிக்கப்பட்டது. தமது நாட்டை ஆக்கிரமித்திருந்த நாட்டின் தலைநகரில் அரசரின் காவல்வீரர் ஒருவர் பெற்ற இவ்வெற்றி, எத்தியோப்பியர்களுக்கு விளையாட்டு வெற்றியைக் கடந்த பொருளுடையதாயிற்று.

இடைப்பட்ட ஆண்டுகள்

1960 டிசம்பரில் பேரரசர் வெளிநாட்டில் இருந்தபோது மெய்க்காவல் படைத்தலைவர் மெங்கிஸ்டு நெவேய் தலைமையில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்து தோல்வியுற்றது. அப்படையைச் சேர்ந்தவர் என்பதால் அபேபேயும் சிறிது காலம் காவலில் வைக்கப்பட்டார். சதியில் பங்கில்லாத அவர் பின்னர் விடுவிக்கப்பட்டார்.

1961 இல் ஏதென்ஸ், ஒசாகா, கொஷீட்சே ஆகிய நகரங்களின் மாரத்தான்களை வென்றார். 1963 இல் பாஸ்டனில் தொடக்கத்தில் மிக விரைவாக ஓடியும், பின்பகுதியின் மேடுகளாலும் எதிர்காற்றாலும் தளர்ந்து ஐந்தாவதாக வந்தார். அவர் ஓடி முடித்த மாரத்தான்களில் முதலிடம் தவறியது இது ஒன்றே.

1964 டோக்கியோ ஒலிம்பிக்

இம்முறையும் அடிஸ் அபாபாவில் தேர்வு மாரத்தான்கள் நடத்தப்பட்டன. ஆகஸ்ட் மாத ஓட்டத்தை அபேபே 2 மணி 16 நிமிட அளவில் முடித்தார். ஆனால் செப்டம்பரில் குடல்வால் அழற்சி ஏற்பட்டு, போட்டிக்கு ஐந்து வாரங்களே இருந்த நிலையில், செப்டம்பர் 16 அன்று அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. பங்கேற்பதே ஐயமாக இருந்தும், சில நாட்களில் எழுந்து நடந்து, டோக்கியோவிலேயே எஞ்சிய பயிற்சியை முடித்தார்.

அக்டோபர் 21 அன்று நடந்த போட்டியில் காலணியுடன் ஓடினார். பாதித் தொலைவுக்கு முன்னரே முன்னிலை பெற்றுத் தனித்து ஓடி 2:12:11.2 நேரத்தில் வென்றார். இரண்டாவதாக வந்த பிரித்தானியர் பேசில் ஹீட்லி நான்கு நிமிடங்களுக்கும் மேல் பின்தங்கினார். அப்போது உலகச் சிறந்த நேரம் ஹீட்லியின் பெயரிலேயே இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. ஓடி முடித்த அபேபே படுக்கவில்லை; புல்தரையில் உடற்பயிற்சி செய்து பார்வையாளர்களை வியப்பில் ஆழ்த்தினார். நாடு திரும்பியதும் பதவி உயர்வும், ஃபோக்ஸ்வாகன் மகிழுந்து ஒன்றும் பரிசாகக் கிடைத்தன.

1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் கால் காயத்துடன் ஓடத் தொடங்கிய அவர், ஏறத்தாழ 17 கி.மீ. தொலைவில் விலகினார். உடன் ஓடிய தோழர் மாமோ வோல்டே தங்கம் வென்றதால் மூன்றாவது முறையாகவும் அப்பதக்கம் எத்தியோப்பியாவுக்கே சென்றது.

விபத்தும் இறுதிக் காலமும்

மார்ச் 22, 1969 இரவு அபேபே ஓட்டிச் சென்ற ஃபோக்ஸ்வாகன் மகிழுந்து கவிழ்ந்தது. மறுநாள் காலையிலேயே அவர் மீட்கப்பட்டார். தண்டுவடம் பாதிக்கப்பட்டு உடல் செயலிழந்தது. இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் பல மாதங்கள் சிகிச்சை பெற்றுக் கைகளின் இயக்கத்தை மீண்டும் பெற்றார்; ஆனால் மீண்டும் நடக்க இயலவில்லை.

எனினும் போட்டிகளை அவர் விடவில்லை. 1970 இல் ஸ்டோக் மாண்டவிலில் மாற்றுத்திறனாளிகளுக்கான விளையாட்டுகளில் வில்வித்தையிலும் மேசைப்பந்தாட்டத்திலும் பங்கேற்றார். 1971 இல் நார்வேயில் பனிச்சறுக்கு வண்டிப் போட்டியில் வென்றார். 1972 மியூனிக் ஒலிம்பிக்கிற்குச் சிறப்பு விருந்தினராகச் சக்கர நாற்காலியில் சென்றபோது, மாரத்தான் வென்ற அமெரிக்கர் ஃபிராங்க் ஷார்ட்டர் அவரிடம் வந்து கைகுலுக்கினார்.

அக்டோபர் 25, 1973 அன்று மூளையில் ஏற்பட்ட இரத்தக்கசிவால் தமது 41 ஆம் அகவையில் காலமானார். விபத்தின் பின்விளைவே இதற்குக் காரணம் எனக் கருதப்படுகிறது. முழுப் படை மரியாதையுடன் அடிஸ் அபாபாவில் அடக்கம் செய்யப்பட்டார். பேரரசர் ஹைலி செலாசி நேரில் கலந்துகொண்டு நாடு முழுவதும் துக்க நாள் அறிவித்தார்.

நினைவு

அடிஸ் அபாபாவில் அவர் பெயரில் விளையாட்டரங்கம் உள்ளது. ஆக்சும் தூபி 2005 இல் எத்தியோப்பியாவுக்குத் திருப்பி அளிக்கப்பட்டது. ரோம் வெற்றியின் ஐம்பதாம் ஆண்டான 2010 இல் அந்நகர மாரத்தானை வென்ற எத்தியோப்பியர் சிராஜ் கெனா, கடைசி சில நூறு மீட்டர்களைக் காலணிகளைக் கழற்றிவிட்டு வெறுங்காலுடன் ஓடி முடித்தார். அபேபேக்குப் பின் ஒலிம்பிக் மாரத்தானை இருமுறை வென்றவர்கள் கிழக்கு ஜெர்மனியின் வால்டெமார் சியர்பின்ஸ்கியும் (1976, 1980) கென்யாவின் எலியுட் கிப்சோகேயும் (2016, 2021 இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்) ஆவர்.