விமான ஆலைக்கு வித்திட்ட வால்சந்த்

கப்பல், விமானம், மோட்டார் மூன்றையும் இந்தியாவிலேயே செய்ய முனைந்தவர் வால்சந்த் ஹிராசந்த். 1882-ல் சோலாப்பூரில் பிறந்தார். 1940 டிசம்பரில் மைசூர் சமஸ்தானத்தின் ஆதரவுடன் பெங்களூரில் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையை நிறுவினார். அடுத்த ஆண்டே முதல் விமானம் பறந்தது.

1941 டிசம்பரில் பசிபிக் போர் மூண்டது. சிங்கப்பூரும் ரங்கூனும் ஜப்பானிடம் வீழ்ந்தன. 1942-ல் அரசாங்கம் ஆலையை எடுத்துக்கொண்டது. பங்குக்குப் பணம் வந்தது. ஆலை கைவிட்டுப் போனது. பின்னர் அமெரிக்கர் மேற்பார்வையில் அங்கே போர் விமானங்கள் பழுதுபார்க்கப்பட்டன. கடல் விமானங்கள் பெல்லந்தூர் ஏரியில் இறங்கின.

வால்சந்த் சோர்ந்துவிடவில்லை. 1944-ல் பம்பாயில் பிரீமியர் மோட்டார் கம்பெனியைத் தொடங்கினார். 1948-ல் அவரது விசாகப்பட்டினம் தளத்தில் கட்டிய ஜல உஷா கப்பல் கடல் கண்டது. 1953-ல் காலமானார்.

அவர் இழந்த பெங்களூர் ஆலைதான் இன்றைய எச்.ஏ.எல். அதன் சம்பளத்தில் தழைத்த தமிழ்க் குடும்பங்கள் ஏராளம்.