தீராத நோய்க்கும் ஒரு படுக்கை

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம் திருமுக்கூடல். காஞ்சிபுரம் மாவட்டத்தின் இந்தச் சிற்றூரில் உள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில், வீரராசேந்திர சோழனின் 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 'வீரசோழன்' என்ற பெயரில் 15 படுக்கைகளுடன் இயங்கிய ஆதுலர் சாலையை அது விவரிக்கிறது. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொணர்பவர், நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யும் பெண்கள் ஆகியோருக்கான ஊதியமும், நோயாளிக்கு நாள்தோறும் அரிசியும், இரவு முழுதும் எரியும் விளக்கும் அதில் ஒதுக்கப்பட்டுள்ளன.

பொருளாதாரம் கற்பித்த நான், இக்கல்வெட்டை ஒரு வரவு-செலவுத் திட்டமாகவே படிக்கிறேன். விளக்கு எந்த நோயையும் தீர்ப்பதில்லை. ஆயினும், வலியால் உறக்கமின்றிக் கிடப்பவருக்கு அது துணை. அந்தத் துணையும் செலவுக் கணக்கில் இடம்பெறத் தக்கது என்று அன்று கருதியிருக்கிறார்கள்.

நவீன காலத்தில் அதே கருத்தை நிலைநாட்டப் போராடியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தேவதாசி முறை ஒழிப்புக்காகவே அவரைப் பெரிதும் நினைவுகூர்கிறோம். அவரது முதுமைக்காலப் போராட்டமும் அதற்குச் சற்றும் குறைந்ததன்று.

1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். ஆண்கள் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் இடம் பெற்றவர். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். சென்னை சட்டமன்றத்தின் துணைத் தலைவராக இருந்து, காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து 1930-இல் பதவி விலகினார். ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லத்தைத் தொடங்கினார்.

இவற்றுக்கிடையே ஓர் ஆறாத்துயர் அவருள் இருந்தது. அவருடைய தங்கை இளவயதிலேயே குடல் புற்றுநோய்க்குப் பலியானார். தொடக்கத்தில் அது சீதபேதி என்று கருதப்பட்டதால், உண்மை தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. வீட்டிலேயே ஒரு மருத்துவர் இருந்தும் தங்கையின் வேதனையைப் பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தது. 1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்ற தம் விருப்பத்தை அவர் வெளியிட்டார்.

ஆட்சியாளர்கள் இசையவில்லை. புற்றுநோய் கண்டவர் எப்படியும் இறக்கப்போகிறவர். அவருக்கெனத் தனி மருத்துவமனை எதற்கு என்பதே அன்றைய எண்ணம். மற்ற நோய்களால் எவரும் இறப்பதில்லையா என்பது முத்துலட்சுமியின் எதிர்வாதம். இந்திய மாதர் சங்கத்தின் வழியாகப் புற்றுநோய் நிவாரண நிதி திரட்டினார். தம் மகன் கிருஷ்ணமூர்த்தியை இத்துறையில் பயிற்சி பெற வெளிநாட்டுக்கு அனுப்பினார். 1952-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை செயல்படத் தொடங்கியபோது இருந்தவை 12 படுக்கைகள். திருமுக்கூடல் ஆதுலர் சாலையைவிட மூன்று குறைவு! அப்போது முத்துலட்சுமிக்கு வயது 67.

வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சை தனித்துறையாக உருப்பெற்றது பின்னர்தான். லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் தம் இல்லத்தைத் திறந்தது 1967-இல். அதற்கு அடுத்த ஆண்டு முத்துலட்சுமி மறைந்தார். அடையாறு நிறுவனம் குணப்படுத்தவே முயன்றது. எனினும், குணமாவது உறுதியில்லை என்பதால் ஒருவரைக் கைவிடலாகாது என்னும் அடிப்படை அங்கே இடப்பட்டுவிட்டது.

செலவிட்ட ரூபாய்க்கு எத்தனை உயிர்கள் மீண்டன என்று மட்டும் பார்க்கும் கணக்கு இன்றும் மறையவில்லை. அக்கணக்கில் ஒரு பெரும்பிழை உண்டு. அரசு ஏற்காத செலவு மறைந்துவிடுவதில்லை. அது குடும்பத்தின் தலையில் விழுகிறது. படுத்த படுக்கையாகிவிட்ட நெசவாளியைக் கவனிக்க மனைவியும் தறியை விட்டு எழுகிறாள். நகை அடகுக்குப் போகிறது. மகளின் படிப்பு நிற்கிறது. வலி தணிந்து அவர் அமைதியாக உறங்கினால், வீட்டில் மற்றொருவர் வேலைக்குப் போக முடியும். இந்த ஆதாயம் எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறுவதில்லை.

மார்பின் மருந்துக்கு மூலமான அபினியைச் சட்டப்படி விளைவிக்கும் நாடு நம்முடையது. ஆனால், 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடிகளால் நம் நோயாளிகளுக்கே மார்பின் எட்டாக்கனியானது. 2014-இல்தான் அச்சட்டம் திருத்தப்பட்டது. தமிழகத்தில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் ஆதரவுச் சிகிச்சையை இல்லத்துக்கே கொண்டுவருகிறது. புற்றுநோயால் மறைந்த அண்ணாவின் பெயரில் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு மருத்துவமனையும் இருக்கிறது. பாதை சரியானதே. ஆனால், மார்பின் மாத்திரையும், அதனை அளந்து தரத் தெரிந்த மருத்துவரும், புண்ணைத் துடைத்துக் கட்டும் செவிலியரும் ஒவ்வொரு வட்டார மருத்துவமனையிலும் இருந்தாக வேண்டும்.

முத்துலட்சுமிக்குச் சிலைகளும் விழாக்களும் போதும். தீராத நோயுடையவருக்கும் நிதிநிலை அறிக்கையில் நிலையான ஒதுக்கீடு செய்வதே அவருக்கு நாம் செலுத்தும் உண்மையான மரியாதை. சோழர் காலத்துக் கல்வெட்டில் இரவு விளக்குக்கு இருந்த இடம், இன்றைய அறிக்கையில் மார்பினுக்கு இருக்க வேண்டாமா?