காட்டேரியைப் படைத்த கணக்கர்

விடுதியில் விளக்கணைந்த பிறகு பேய்க்கதை பேசாத மாணவர் உண்டோ? புளியமரத்து முனி, பாழுங்கிணற்று மோகினி, சுடுகாட்டுக் கொள்ளிவாய்ப் பிசாசு என நம் பேய்கள் யாவும் ஊருக்கு வெளியே குடியிருப்பவை. அவற்றுக்கென்று ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் வேப்பிலையும் உடுக்கையும் காத்திருக்கும். ஆனால் ஒரு பேய் வழக்கறிஞரை அமர்த்தி, முறைப்படி பத்திரம் எழுதி, உலகின் மிகப் பெரிய நகரமாக விளங்கிய இலண்டனில் வீடு வாங்குகிறது. தான் படுத்துறங்கும் சவ மண்ணை ஐம்பது பெட்டிகளில் அடைத்துக் கப்பலில் ஏற்றி அனுப்புகிறது. பட்டப்பகலில் பிக்காடில்லி வீதியில் நின்று பெண்களை நோட்டமிடுகிறது. இப்படி ஒரு கற்பனை 1897ஆம் ஆண்டு மே மாதம் மஞ்சள் அட்டையில் சிவப்பு எழுத்துகளோடு ஆறு ஷில்லிங் விலையில் வெளிவந்தது. நூலின் பெயர் ‘டிராகுலா’. அந்தப் பெயரை அறியாதவர் இன்று இல்லை. அதை எழுதிய பிராம் ஸ்டோக்கரின் வாழ்க்கையை அறிந்தவரோ மிகச் சிலர்.

1847ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் அயர்லாந்தின் டப்ளின் நகரையடுத்த குளோன்டார்ஃபில் ஏழு குழந்தைகளுள் மூன்றாமவராகப் பிறந்தார் ஆபிரகாம் ஸ்டோக்கர். தந்தை பெயரும் ஆபிரகாமே. டப்ளின் கோட்டை அரசு அலுவலகத்தில் எழுத்தர். உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்து மடிந்துகொண்டிருந்த காலம் அது. ஏழு வயது வரை இந்தக் குழந்தை எழுந்து நடக்கவில்லை. இன்ன நோய் என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. படுக்கையே உலகமாகக் கிடந்த பிள்ளைக்குத் தாய் சார்லட் கதை சொன்னார். என்ன கதை? 1832இல் தம் ஊராகிய ஸ்லைகோவைச் சூறையாடிய காலராவின் கதை. அண்டை வீடுகள் ஒவ்வொன்றாய் அடங்கிப் போனதையும், உயிர் முழுவதும் போகாதவர்கள் பிணங்களோடு சேர்த்துப் புதைக்கப்பட்டதாகப் பேசிக்கொண்டதையும் தாய் சொல்ல, மகன் கேட்டான். தாலாட்டுக் கேட்க வேண்டிய வயதில் இதைக் கேட்டவன் பிற்காலத்தில் செத்தும் சாகாதவனைப் பற்றி எழுதியதில் வியப்பென்ன?

நோய் வந்த காரணம் தெரியாதது போலவே போன காரணமும் தெரியவில்லை. 1864இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தபோது அவர் ஆறடியைத் தாண்டிய செந்தாடி வீரர். ஓட்டம், நடை, கால்பந்து எனப் பரிசுகளை அள்ளினார். கல்லூரியின் தத்துவக் கழகத்துக்கும் பேச்சாளர் மன்றத்துக்கும் தலைமை தாங்கினார். இரண்டையும் ஒருசேரப் பெறுவது அரிது என்பதை நம் கல்லூரித் தேர்தல்களைப் பார்த்தவர்கள் அறிவார்கள்! பட்டம் பெற்றபின் தந்தையின் வழியே டப்ளின் கோட்டையில் எழுத்தரானார். அவர் வெளியிட்ட முதல் புத்தகம் என்ன தெரியுமா? அயர்லாந்தின் சிறு நீதிமன்ற எழுத்தர்களின் கடமைகளைத் தொகுத்துரைக்கும் கையேடு! 1879இல் வந்த அந்நூலில் அச்சமூட்டும் பகுதி எதுவும் இல்லை. எனினும் பதிவேடு, நாட்குறிப்பு, கடிதம், தந்தி என்று ஆவணம் ஆவணமாய்க் கோத்துக் கதை சொல்லும் ‘டிராகுலா’வின் முறைக்கு விதை அந்த எழுத்தர் மேசையில் விழுந்தது என்றே நான் கருதுகிறேன்.

பகலில் அலுவலகம், இரவில் நாடகக் கொட்டகை. கூலி எதுவும் வாங்காமல் ஒரு நாளிதழுக்கு நாடக விமரிசனம் எழுதிவந்தார். 1876இல் புகழ்பெற்ற ஆங்கில நடிகர் ஹென்றி இர்விங் டப்ளினில் ஹாம்லெட்டாக நடித்தார். ஸ்டோக்கரின் விமரிசனத்தைப் படித்த இர்விங் அவரை விருந்துக்கு அழைத்தார். விருந்து முடிந்ததும், கொலை செய்துவிட்டு மனச்சான்றால் வதைபடும் ஓர் ஆசிரியனைப் பற்றிய நெடும்பாட்டை நடித்துக் காட்டினார். பாட்டு முடிந்ததும் இர்விங் களைத்துச் சாய்ந்தார்; அத்தனை பெரிய ஆளான ஸ்டோக்கரோ தம்மை மறந்து கதறிவிட்டார். இர்விங் உள்ளே சென்று தம் படத்தில் கையெழுத்திட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்கு அடிமையான இரவு அது. அதைத் தோழமை என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அந்தச் சொல் போதவில்லை.

1878இல் இர்விங் இலண்டன் லைசியம் அரங்கைத் தம் பொறுப்பில் ஏற்றார். ஸ்டோக்கர் ஓய்வூதியம் தரும் அரசு வேலையை உதறினார். ஃபுளோரன்ஸ் பால்கம் என்ற பேரழகியை மணந்து, அவரையும் அழைத்துக்கொண்டு இலண்டன் சேர்ந்தார். (அப்பெண்ணை முன்பு விரும்பியவர் ஆஸ்கர் வைல்ட்!) அன்று தொடங்கிய மேலாளர் பணி இருபத்தேழு ஆண்டுகள் நீண்டது. நுழைவுச்சீட்டு, சம்பளப் பட்டியல், அமெரிக்கப் பயணங்கள், விருந்தினர் வரவேற்பு, திரைக்குப் பின்னால் சண்டை தீர்ப்பது எல்லாம் அவர் தலையில். இர்விங்கின் பெயரால் தாம் எழுதிய கடிதங்கள் ஏறத்தாழ ஐந்து இலட்சம் இருக்கும் என்று அவரே பிற்காலத்தில் கணக்கிட்டார். பிறந்த ஒரே மகனுக்கும் இர்விங் என்று பெயர் வைத்தார். அந்த மகன் வளர்ந்தபின் அப்பெயரை ஒதுக்கி, நோயல் என்ற தம் மற்றொரு பெயரையே வழங்கினார் என்பதை இங்கே சொல்லாமல் விட முடியவில்லை.

ஸ்டோக்கர் கோழையல்லர். 1882ஆம் ஆண்டு செப்டம்பரில் தேம்ஸ் ஆற்றுப் படகிலிருந்து ஒரு முதியவர் தற்கொலைக்காகக் குதித்தபோது மேலங்கியைக் கழற்றியெறிந்து பின்னாலேயே குதித்தார். முதியவரை இழுத்து வந்து தம் வீட்டிலேயே கிடத்தினார், உயிரோ மீளவில்லை. வீரத்துக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது. காப்பாற்றப் பாய்வது, ஆனால் காப்பாற்ற முடியாமற் போவது: அவருடைய நாவலில் இந்தக் காட்சி வேறு வேறு உருவில் திரும்பத் திரும்ப வரும்.

1888இல் இலண்டனுக்கு உண்மையான இரத்தப் பயம் வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் லைசியம் மேடையில் ரிச்சர்டு மேன்ஸ்ஃபீல்டு என்ற நடிகர், நல்ல மருத்துவரே கொடிய ஹைடாக மாறும் நாடகத்தை நடத்திக்கொண்டிருந்தார். அம்மாத இறுதியில் வைட்சேப்பலில் பெண்களைக் கழுத்தறுத்து வயிறு கிழிக்கும் கொலைகள் தொடங்கின. மேடையில் இத்தனை கொடூரமாய் மாறுபவனே கொலைகாரனாகவும் இருக்கலாகாதா என்று அந்த நடிகர் மேலேயே ஐயப்பட்டுக் கடிதம் எழுதினார்கள்! கொலையாளி கடைசிவரை அகப்படவில்லை. கூட்டத்தில் கலந்து நிற்கும் கொடியவன் என்ற எண்ணம் மாநகரத்தின் மூச்சில் கலந்திருந்த அந்நாளில், அந்த அரங்கின் கணக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஸ்டோக்கர்.

1890இல் நாவலுக்குக் குறிப்பெடுக்கத் தொடங்கினார். அக்கோடையில் விட்பி என்ற மீனவத் துறைமுகத்தில் விடுமுறை. அவ்வூர் நூலகத்தில், வாலாக்கியா நாட்டைப் பற்றி வில்கின்சன் என்பவர் எழுதிய பழைய நூலில் டிராகுலா என்ற பெயர் கண்ணில் பட்டது. அதுவரை தம் நாயகனுக்கு அவர் வைத்திருந்த பெயர் வேம்பயர் பிரபு! அந்தப் பெயரே நிலைத்திருந்தால் நூல் இன்று யார் நினைவில் இருக்கும்? 1885இல் ‘திமித்ரி’ என்ற ருசியக் கப்பல் நார்வா துறையிலிருந்து வந்து அக்கரையில் தரைதட்டிய செய்தியையும் கடலோரக் காவலரிடம் கேட்டறிந்தார். கதையில் அது வார்னாவிலிருந்து வரும் ‘டிமீட்டர்’ ஆயிற்று. மாலுமிகள் ஒவ்வொருவராய் மறைய, சுக்கானோடு தன்னைக் கட்டிக்கொண்ட தலைவனின் பிணமே கப்பலைக் கரை சேர்க்கிறது. டிரான்சில்வேனியா மலைகளை ஸ்டோக்கர் கண்ணால் கண்டதில்லை. அனைத்தும் ஏட்டறிவே. ஆனால் இலண்டன் அவருக்குத் தெருத்தெருவாய்த் தெரியும். பயம் பலிப்பதும் அங்கேதான்.

நமக்கு நெருக்கமான ஒரு செய்தி. வேதாளம் விக்கிரமாதித்தனுக்குக் கதை சொன்னது நம் பாட்டிமார் வாயிலாக நாமறிந்தது. அக்கதைகளுள் சிலவற்றை 1870இல் ஆங்கிலத்தில் எழுதி, தலைப்பிலேயே வேதாளத்தை இரத்தக் காட்டேரி என்று பெயர்த்தவர் ரிச்சர்டு பர்ட்டன். அவரை ஸ்டோக்கர் நேரில் அறிவார். பர்ட்டன் பேசும்போது உதடு உயர்ந்து கோரைப்பல் பளிச்சிட்டதைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்து எழுதியும் இருக்கிறார். நம் முருங்கைமரத்து வேதாளம் கார்ப்பேதிய மலைவரை சென்றதோ இல்லையோ, அந்தப் பல் சென்றது என்று நம்பலாம்!

நாவலின் பேய் வேட்டைக்காரர் டச்சு நாட்டுப் பேராசிரியர் வான் ஹெல்சிங். அவருக்கு ஸ்டோக்கர் தம் பெயரையே, தம் தந்தையின் பெயரையே, இட்டார்: ஆபிரகாம். திரைப்படங்கள் இவரைப் பிழையே செய்யாத மாவீரராக்கிவிட்டன. நூலைப் படித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். லூசி என்ற இளம்பெண்ணின் இரத்தத்தைக் காட்டேரி இரவுதோறும் உறிஞ்ச, வான் ஹெல்சிங் நான்கு ஆடவரின் இரத்தத்தை அடுத்தடுத்து அவள் உடலில் ஏற்றுகிறார். இரத்தப் பிரிவுகளை லேண்ட்ஸ்டெய்னர் வெளியிட்டது 1901இல்தான். ஆக அது குருட்டு மருத்துவம். அதைக்கூட மன்னிக்கலாம். பூண்டு மலரை அறையெங்கும் கட்டியவர், அது எதற்கென்று லூசியின் தாயிடம் சொல்லாமல் விட்டாரே! மகளுக்கு மூச்சு முட்டுமே என்று தாய் மலரை அகற்றிச் சன்னலைத் திறக்கிறாள். கதவைத் திறந்தது தாயன்பா, அறிஞரின் மௌனமா? லூசி இறக்கிறாள், குழந்தைகளைக் கடிக்கும் காட்டேரியாய் எழுகிறாள். அவளை மணக்கவிருந்தவன் கையிலேயே முளைக்குச்சியைக் கொடுத்து, நெஞ்சில் இரத்தம் பீறிட அடிக்கச் செய்கிறார் பேராசிரியர். பின் தலையை அறுத்து வாயில் பூண்டு திணிக்கிறார். படிக்கும் கை நடுங்கும் பக்கங்கள் அவை.

பாடம் கற்றாரா? இல்லை. மீனா என்னும் அறிவிற் சிறந்த பெண்ணைப் பெண் என்பதற்காகவே ஆலோசனையிலிருந்து விலக்குகிறார்கள். மனநோய் விடுதியில் ரென்ஃபீல்டு என்ற நோயாளி தன்னை வெளியே அனுப்பிவிடும்படி மன்றாடுகிறான். கற்றறிந்த மருத்துவர்கள் காது கொடுக்கவில்லை. பின்னர் மண்டை உடைந்து இரத்த வெள்ளத்தில் அவன் கிடக்கிறான். மேலே மீனாவின் கழுத்தில் காட்டேரியின் பல். காப்பதற்கென்று வான் ஹெல்சிங் திருவப்பத்தை அவள் நெற்றியில் வைக்க, அது நெருப்பாய்ச் சுட்டுத் தழும்பாகிறது. அசுரனை விரட்டப் புறப்பட்ட கை அப்பாவிப் பெண்ணையே சுட்ட இவ்விடமே நாவலின் உச்சம் என்பேன். இறுதியில் டிராகுலா மடிவதும் முளைக்குச்சியால் அன்று. ஒரு கூர்க்காக் கத்தியும் ஓர் அமெரிக்க வேட்டைக் கத்தியும் அவனை முடிக்கின்றன.

நாடக உரிமையைக் காப்பதற்காக, நூல் வெளிவரும் முன் 1897 மே 18 அன்று லைசியத்தில் கதையை நாடகமாக வாசித்தார்கள். பல மணி நேரம் நீண்ட வாசிப்பு அது. இர்விங்குக்கு அது பிடிக்கவில்லை என்றே கூறப்படுகிறது. எவருக்காகத் தம் நாட்களையெல்லாம் தந்தாரோ அவர் அந்த வேடத்தை ஒருநாளும் ஏற்கவில்லை. முதுமையுற்ற தாய் சார்லட் மட்டும் மகனைப் போற்றிக் கடிதம் எழுதினார். காலராக் கதை சொன்ன தாயல்லவா!

மறு ஆண்டே சரிவு. 1898 பிப்ரவரியில் லைசியத்தின் காட்சித் திரைகள் வைத்திருந்த கிடங்கு தீக்கிரையானது. செலவைக் குறைக்க எண்ணிய இர்விங் அதற்குச் சற்று முன்புதான் காப்பீட்டைக் குறைக்கச் சொல்லியிருந்தார். அரங்கு கை மாறிற்று. 1902இல் அவர்களுக்கு அது இல்லாமலே போயிற்று. 1905 அக்டோபரில் பிராட்ஃபோர்டில் நடித்துவிட்டு வந்த இரவு இர்விங் இறந்தார். உயிலில் ஸ்டோக்கருக்கு ஒரு காசும் இல்லை. ஸ்டோக்கரோ 1906இல் இர்விங்கின் நினைவுகளை இரண்டு பெருந்தொகுதிகளாக எழுதி வெளியிட்டார்.

1908இல் அவர் செய்த ஒன்றை அவருடைய அன்பர்கள் பலர் பேசுவதில்லை. ஒழுக்கக் கேடான புதினங்களுக்குத் தணிக்கை வேண்டும் என்று கட்டுரை எழுதினார்! படுக்கையறையில் பெண் கழுத்தில் இரத்தம் குடிக்க வைத்தவர் எழுதினார். தம் நூல் அந்த வலையில் சிக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை போலும். பிறர் எழுத்தில் இருந்த பேய் அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

பக்கவாதமும் சிறுநீரக நோயும் உடலை வாட்டின. 1911இல் அரச இலக்கிய நிதிக்கு விண்ணப்பித்து நூறு பவுன் உதவி பெற்றார். 1912 ஏப்ரல் 20ஆம் நாள் இறந்தார். டைட்டானிக் மூழ்கி ஐந்தே நாட்கள். நாளிதழ்களில் இந்த மரணத்துக்கு எங்கே இடம்? எழுதிய ‘டைம்ஸ்’ ஏடும் இர்விங் நினைவு நூலே அவர் பெயரை நிலைநிறுத்தும் என்று கருதியது.

அடுத்த ஆண்டு ஃபுளோரன்ஸ் கணவரின் தாள்களை ஏலத்தில் விற்றார். ‘டிராகுலா’வுக்கென ஏழாண்டுகளாய் எடுத்த குறிப்புகள் இரண்டு பவுனுக்குச் சற்று மேலே போயின. பின்னர் அதே அம்மையார் கடும் வழக்காடியாக மாறினார். 1922இல் ஒரு ஜெர்மானிய நிறுவனம் அனுமதியின்றி ‘நொஸ்ஃபெராட்டு’ என்ற படம் எடுத்தது. அவர் வழக்குத் தொடுக்க, 1925இல் படச்சுருள்களை அழிக்கும்படி தீர்ப்பாயிற்று. அழித்தார்கள். ஆயினும் அங்கொன்றும் இங்கொன்றுமாய்ப் பிழைத்திருந்த படிகளிலிருந்து அப்படம் எழுந்து வந்துவிட்டது. காட்டேரிக் கதைக்கு அதுதானே இயல்பு!

விற்றுப்போன அக்குறிப்புகள் இப்போது அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ரோசன்பாக் காட்சியகத்தில் இருக்கின்றன. காட்டேரியின் இயல்புகளை அவசரக் கையெழுத்தில் ஸ்டோக்கர் அவற்றில் வரிசையிட்டிருக்கிறார். கண்ணாடியில் அவன் உருவம் விழாது. அவன் வீட்டில் கண்ணாடியே கிடையாது. நாவலுக்குள் வராமல் குறிப்போடு நின்றுபோன ஓர் இயல்பும் அங்கே உண்டு. ஓவியன் எவனும் அவனை வரைய முடியாது. எப்படி வரைந்தாலும் படத்தில் வேறொருவர் முகமே வந்து நிற்கும்.