12 வோல்ட்டுனு யார் சொன்னா?

இந்த இதழ்ல ஜி.டி. நாயுடு பத்தி எழுதப் போறேன். அதுக்கு முன்னாடி போன மாசம் என் கையால செத்துப்போன ஒரு சிப்போட கதையைக் கேட்டுடுங்க.

எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், காரோட கம்ப்யூட்டர்கிட்ட பேசி என்ன கோளாறுன்னு படிக்கிற ஒரு சின்னக் கருவி. பழைய கார்கள் பலதுல இந்தப் பேச்சு ஒரே ஒயர்ல நடக்கும். கே-லைன்னு பேர். சும்மா இருக்கும்போது அந்த ஒயர் பேட்டரி வோல்டேஜ்லயே நிக்கும். தகவல் போகும்போது பூஜ்யத்துக்கு இறங்கி ஏறும். நம்ம மைக்ரோகன்ட்ரோலர் தாங்குறதோ 3.3 வோல்ட்தான். அதனால நடுவுல வோல்டேஜைக் குறைக்க ஒரு சர்க்யூட் வேணும்.

கார் பேட்டரி 12 வோல்ட்னுதானே படிச்சிருக்கோம்? ரிச்சி ஸ்ட்ரீட் போய் 2.7 கிலோ ஓம், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வாங்கினேன். 12 உள்ள போனா 3.24 வெளிய வரும். பேப்பர்ல கரெக்ட். மந்தைவெளியில ஒரு ஒர்க்‌ஷாப்ல நின்ன கார்ல மாட்டி எஞ்சினை ஸ்டார்ட் பண்ணோம். இன்புட் பின் போயே போச்சு.

அங்க இருந்த மெக்கானிக் அண்ணன் எதுவும் பேசாம மல்டிமீட்டரை வெச்சுக் காட்டினார். 14.4. வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர் பேட்டரியை சார்ஜ் பண்ணுது இல்லையா, அதான். என் சர்க்யூட் 3.89 கொடுத்திருக்கு. அவர் பத்தாவது தாண்டாதவர். நாலு வருஷம் படிச்ச நான் அளந்தே பாக்கல. அவர் பின்னாடி சுவத்துல ஒரு பழைய படம் மாட்டியிருந்தது. யாருன்னு கேட்டேன். ஜி.டி. நாயுடுன்னார். அன்னிக்கு ராத்திரியே அவரைப் பத்தித் தேடிப் படிச்சேன்.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23 அன்று கோவை பக்கத்துல கலங்கல் கிராமத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவே இல்லை. சில வகுப்புகளோடு படிப்பு நின்றது. ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். அதுக்கப்புறம் வேற எதுலயும் மனசு போகல. கோவைக்கு வந்து ஓட்டல்ல சர்வர் வேலை பார்த்தார். வருஷக்கணக்குல காசு சேர்த்து, அதே மாதிரி வண்டியை வாங்கினார். வாங்கினவர் என்ன பண்ணார் தெரியுமா? முழுசாப் பிரிச்சுப் போட்டு, திரும்ப மாட்டினார். அவரோட முதல் லேப் அதுதான்.

நடுவில் பருத்தி வியாபாரம் செய்து சம்பாதித்தார். பம்பாயில் அதை இழந்தார். 1920இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் உதவியோடு ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில் தானே ஓட்டினார். அந்த ஒரு பஸ் வளர்ந்து யு.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனம் ஆனது. 1937இல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவிலேயே முதன்முதலாக எலக்ட்ரிக் மோட்டார் தயாரித்தார். பேட்டரியில் ஓடும் ஷேவிங் ரேசர், மண்ணெண்ணெயில் சுத்தும் ஃபேன், 70 ரூபாய் ரேடியோன்னு பட்டியல் நீளம். 1952இல் 2000 ரூபாய்க்கு ரெண்டு பேர் போகிற கார் செய்தார். அரசு உற்பத்திக்கு லைசென்ஸ் தரல, கார் அதோட நின்னுபோச்சு.

நம்மளை நேராத் தொடுற விஷயம் 1945இல் நடந்தது. கோவையில் ஆர்தர் ஹோப் பேரில் இன்ஜினியரிங் கல்லூரி வர அவர்தான் காரணம். இன்னிக்கு அரசு தொழில்நுட்பக் கல்லூரியா இருக்கிறது அதுதான். பள்ளிப்படிப்பே முடிக்காதவர் அங்க பிரின்சிபால்! இன்ஜினியரிங்குக்கு நாலு வருஷம் வீண், ரெண்டு போதும் என்பது அவர் வாதம். பிரிட்டிஷ் அரசு ஒத்துக்கல. பதவியை விட்டுட்டு வெளிய வந்தார். 1974 ஜனவரி 4 அன்று காலமானார்.

நாலு வருஷம் வீணா? செத்த சிப்பைக் கையில வெச்சுக்கிட்டு நானும் அதைத்தான் யோசிச்சேன். 14.4னு காட்டினது மெக்கானிக் அண்ணன். ஆனா அந்த நம்பரை வெச்சு ரெசிஸ்டரை மாத்திக் கணக்குப் போட எனக்கு ரெண்டாவது செமஸ்டர் பாடம் தேவைப்பட்டுது. இப்போ 39 கிலோ, 10 கிலோ போட்டிருக்கேன். எஞ்சின் ஓடும்போது 2.94, நிக்கும்போது 2.45. ரெண்டையுமே சிப் ஒண்ணுனு படிக்குது. பாதுகாப்புக்கு ஒரு ஜீனர் டயோடும் இருக்கு.

அதனால நாயுடு சொன்ன கணக்கை நான் முழுசா ஏத்துக்கல. ஆனா அந்த நாலு வருஷத்துல ஒரு தடவைகூட ஒரு கார் பானட்டைத் திறக்காம இருந்தது என் தப்பு. நீங்க செகண்ட் இயரா? இந்த சனிக்கிழமை பக்கத்துல இருக்கிற ஒர்க்‌ஷாப்புக்குப் போங்க. கையில ஒரு மல்டிமீட்டர் இருக்கட்டும்.