இரு இசைகளை இணைத்த எக்காள மன்னர் மைல்ஸ் டேவிஸ்

ராக் பாட்டுக் கேட்கும் இளைஞர்கள் ஒரு பக்கம். ஜாஸ் இசை கேட்கும் பெரியவர்கள் மறு பக்கம். 1960-களின் கடைசியில் அமெரிக்க இசை உலகம் இப்படித்தான் இரண்டுபட்டுக் கிடந்தது.

இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே பாலம் போட்டவர்களில் முதன்மையானவர் மைல்ஸ் டேவிஸ். அவர் கையில் இருந்தது கிட்டார் அல்ல. டிரம்பெட் என்னும் பித்தளை வாத்தியம். நம் ஊர் எக்காளத்துக்குத் தம்பி என்று அதைச் சொல்லலாம்.

43-வது வயதில், புகழோடு இருந்தபோது, அவர் தாம் நடந்த பாதையை விட்டு விலகினார். பழைய ரசிகர்கள் பலர் கோபித்துக்கொண்டு போனார்கள். லட்சக்கணக்கான புதிய ரசிகர்கள் வந்து சேர்ந்தார்கள். அந்தத் துணிச்சல் அவருக்கு எங்கிருந்து வந்தது?

பல் டாக்டர் மகன்

அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஆல்டன் என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1926-ம் ஆண்டு மே மாதம் 26-ந் தேதி மைல்ஸ் பிறந்தார். பக்கத்தில் உள்ள கிழக்கு செயின்ட் லூயிஸ் நகரில் வளர்ந்தார்.

குடும்பம் கறுப்பினக் குடும்பம். தந்தை பல் டாக்டர். வசதிக்குக் குறைவு இல்லை. ஆனால் வெள்ளையர் வேறு, கறுப்பர் வேறு என்று பிரித்து வைத்த காலம் அது. பணம் இருந்தாலும் அவமானம் வாசலில் காத்திருக்கும்.

மைல்சுக்கு வயது 13 ஆனது. பிறந்த நாளுக்கு என்ன வாங்கித் தருவது? வயலின் வாங்கித் தரலாம் என்றார் தாய். தந்தையோ டிரம்பெட் வாங்கிக் கொடுத்தார். சிறுவனின் வாழ்க்கை அன்றே முடிவாகிவிட்டது.

அவனுக்குக் கிடைத்த ஆசிரியர் எல்வுட் புக்கானன். அந்தக் காலத்தில் டிரம்பெட் ஊதுகிறவர்கள் ஒவ்வொரு ஸ்வரத்தையும் நடுக்கி நடுக்கி ஊதுவார்கள். அது ஆசிரியருக்குப் பிடிக்காது. ஸ்வரத்தை நேராக, தெளிவாக ஊத வேண்டும் என்பார். மாணவன் நடுக்கினால் விரல் முட்டியில் அடி விழும்! அப்படிப் பழகிய நேரான, தனிமை நிறைந்த நாதம்தான் பிற்காலத்தில் மைல்ஸ் டேவிசின் அடையாளம் ஆயிற்று.

குருவைத் தேடி

ஜாஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்கள் உலகுக்குத் தந்த இசை. நியூ ஆர்லியன்ஸ் நகரம் அதன் தொட்டில். ஒரு மெட்டை எடுத்துக்கொள்வார்கள். பிறகு ஒவ்வொருவராக அந்த மெட்டை வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் மனத்தில் தோன்றுவதை வாசிப்பார்கள். நம் கச்சேரிகளில் வித்வான்கள் கற்பனை ஸ்வரம் பாடுகிறார்கள் அல்லவா? ஏறக்குறைய அதுபோல.

1944-ல் பில்லி எக்ஸ்டைன் என்பவரின் இசைக்குழு செயின்ட் லூயிஸ் வந்தது. அதில் டிரம்பெட் வாசிக்கும் ஒருவருக்கு உடல்நலம் இல்லை. 18 வயது மைல்சுக்கு அந்த இடம் இரண்டு வாரங்களுக்குக் கிடைத்தது. அதே குழுவில் இருந்தார் சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கர். அவர் வாசிப்பைக் கேட்டு மைல்ஸ் சொக்கிப்போனார்.

அதே ஆண்டு மைல்ஸ் நியூயார்க் சென்று புகழ்பெற்ற ஜூலியார்ட் இசைக் கல்லூரியில் சேர்ந்தார். வீட்டுக்குச் சொன்ன காரணம் படிப்பு. மனத்தில் இருந்த காரணம் பார்க்கர். இரவு விடுதி ஒவ்வொன்றாக ஏறி இறங்கி அவரைத் தேடிக் கண்டுபிடித்தார். சில காலம் பார்க்கர், மைல்சின் அறையிலேயே தங்கினார். 1945-ல் மைல்ஸ் பார்க்கரின் குழுவில் சேர்ந்தார். கல்லூரியை விட்டார்.

சறுக்கலும் மீட்சியும்

1949-ல் பாரீஸ் நகரில் வாசிக்க மைல்ஸ் போனார். அங்கே அவரை மனிதனாக மதித்தார்கள், கலைஞனாகக் கொண்டாடினார்கள். நியூயார்க் திரும்பியதும் பழைய அவமதிப்பு. மனம் உடைந்தது. ஹெராயின் என்னும் போதைப்பொருளில் விழுந்தார். சுமார் நான்கு ஆண்டுகள் வீணாயின.

கடைசியில் தந்தையின் பண்ணைக்குத் திரும்பினார். ஓர் அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். உடம்பெல்லாம் வலி. உணவு செல்லவில்லை. பல நாள் போராட்டத்துக்குப் பிறகு ஹெராயினை விட்டு வெளியே வந்தார்.

1955-ல் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் அவர் வாசித்த வாசிப்பு எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனி ஒப்பந்தம் செய்துகொண்டது. 1959-ல் ‘கைண்ட் ஆப் புளூ’ என்ற இசைத்தட்டு வெளிவந்தது. மார்ச் மாதம் ஒரு நாள், ஏப்ரல் மாதம் ஒரு நாள், ஆக இரண்டே நாளில் பதிவான தட்டு அது. அமெரிக்காவில் மட்டும் 50 லட்சம் பிரதிகளுக்கான சான்று 2019-ல் அதற்குக் கிடைத்தது.

ஆனால் அந்தத் தட்டு வெளிவந்த அதே ஆகஸ்டு மாதத்தில் நடந்தது என்ன? நியூயார்க்கில் பேர்ட்லண்ட் என்ற விடுதியில் மைல்ஸ் கச்சேரி. இடைவேளையில் காற்று வாங்க வாசலில் நின்றார். ஒரு போலீஸ்காரர் அங்கே நிற்கக்கூடாது என்று விரட்டினார். விளம்பரப் பலகையில் இருந்த தம் பெயரை மைல்ஸ் சுட்டிக்காட்டினார். அவரைத் தடியால் தலையில் அடித்தார்கள். சட்டையெல்லாம் ரத்தம். தையல் போட வேண்டியிருந்தது. அவர் மீது போட்ட வழக்கு பிறகு தள்ளுபடி ஆயிற்று. மனக்காயம் ஆறவில்லை.

காற்று திசை மாறியது

1960-களின் நடுவில் பீட்டில்ஸ் குழுவின் ராக் இசை உலகைப் பிடித்து ஆட்டியது. மின்சாரக் கிட்டார், அதிரும் டிரம், காதைப் பிளக்கும் ஒலிபெருக்கி. இளைஞர்கள் அலை அலையாக அந்தப் பக்கம் ஓடினார்கள். ஜாஸ் விடுதிகளில் கூட்டம் குறைந்தது. மைல்சின் தட்டுகளும் முன்போல் விற்கவில்லை.

மற்ற ஜாஸ் வித்வான்கள் பலர் ராக் இசையை வெறும் இரைச்சல் என்று ஒதுக்கினார்கள். மைல்ஸ் ஒதுக்கவில்லை. உட்கார்ந்து கேட்டார். ஜேம்ஸ் பிரவுன், ஸ்லை ஸ்டோன் ஆகியோரின் தட்டுகளைக் கேட்டார். 1968-ல் அவர் மணந்த பெட்டி மேப்ரி ஒரு பாடகி. அவர் மூலம் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் என்ற இளம் கிட்டார் மேதையின் இசை மைல்சுக்கு அறிமுகம் ஆயிற்று. மைல்ஸ் அதில் இரைச்சலைக் கேட்கவில்லை. தாம் தேடிய கற்பனையைக் கேட்டார்.

1969 பிப்ரவரியில் ஒரு சோதனை செய்தார். மூன்று மின்சார வாத்தியக்காரர்களை உட்கார வைத்தார். ஜோ சாவினுல், சிக் கோரியா, ஹெர்பி ஹான்காக் என்பவர்கள் அவர்கள். இங்கிலாந்திலிருந்து வந்து சில நாட்களே ஆன ஜான் மக்லாக்ளின் என்ற இளைஞர் கிட்டார் வாசித்தார். கிட்டார் வாசிக்கத் தெரியாதவன் எப்படி வாசிப்பானோ அப்படி வாசி என்று மைல்ஸ் அவருக்குச் சொன்னாராம். இளைஞர் திகைத்தார். பிறகு வித்தையெல்லாம் காட்டாமல் மெல்ல மெல்ல வாசித்தார். அமைதியான ஓர் அழகு பிறந்தது. அந்தத் தட்டின் பெயர் ‘இன் எ சைலன்ட் வே’.

மூன்று நாள் வேலை

1969 ஆகஸ்டு 18-ந் தேதி காலை, லட்சக்கணக்கான ராக் ரசிகர்கள் கூடிய உட்ஸ்டாக் விழா முடிந்தது. ஹெண்ட்ரிக்ஸ்தான் கடைசியாக வாசித்தார். மறுநாள் நியூயார்க்கில் மைல்ஸ் தம் குழுவோடு பதிவு அறைக்குள் நுழைந்தார்.

மூன்று நாட்கள் பதிவு நடந்தது. பத்துப் பேருக்கு மேல் ஒரே நேரத்தில் வாசித்தார்கள். முழுப் பாட்டையும் எழுதி யார் கையிலும் கொடுக்கவில்லை. சிறு குறிப்புதான். மைல்ஸ் கையை அசைப்பார், ஒருவர் தொடங்குவார். விரலை நீட்டுவார், இன்னொருவர் சேருவார். ஒலி நாடா ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு டியோ மசேரோ என்ற தயாரிப்பாளர் அந்த நாடாவை வெட்டி ஒட்டி முழு வடிவம் கொடுத்தார்.

1970-ல் அது ‘பிட்சஸ் புரூ’ என்ற இரட்டைத் தட்டாக வெளிவந்தது. ஒரு பாடல் மட்டும் சுமார் 27 நிமிடம்! ஜாஸ் கற்பனையும் ராக் தாளமும் கலந்த அந்த இசைக்கு ஜாஸ் பியூஷன் என்ற பெயர் பிற்பாடு நிலைத்தது. 1976-ல் மைல்சுக்கு அது தங்கத்தட்டு விருதை வாங்கித் தந்தது.

பழைய ரசிகர்கள் கொதித்தார்கள். காசுக்காக ஜாசை விற்றுவிட்டார் என்று விமர்சகர்கள் சிலர் எழுதினார்கள். மைல்ஸ் திரும்பிப் பார்க்கவில்லை.

இளைஞர் கூட்டத்தின் நடுவே

1970 மார்ச்சில் நியூயார்க்கில் பில்மோர் ஈஸ்ட் என்ற ராக் அரங்கத்தில் மைல்ஸ் வாசித்தார். அதே மேடையில் நீல் யங் என்ற ராக் பாடகரும் பாடினார். ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவின் பில்மோர் வெஸ்ட் அரங்கம். அங்கே மைல்ஸ் முதலில் வாசிக்க, பிரபல கிரேட்புல் டெட் குழு பின்னால் வாசித்தது. இவருக்குப் பிறகு நாம் எப்படி வாசிப்பது என்று அந்தக் குழுவினரே கலங்கினார்களாம்.

பாடகருக்காகச் சீட்டு வாங்கி வந்த இளைஞனை நினைத்துப் பாருங்கள். மேடையில் பாட்டும் இல்லை, பாடகரும் இல்லை. ஆனால் அவனுக்குப் பழக்கமான டிரம் அதிர்கிறது; மின்சார ஒலி முழங்குகிறது. தாளத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகிறான். போகப் போக, ஒருவர் கேள்வி கேட்பதுபோல் வாசிப்பதும் மற்றவர் பதில் சொல்வதுபோல் வாசிப்பதும் அவன் காதில் விழுகின்றன. நேற்று வாசித்தது போல் இன்று இல்லை. மனப்பாடம் செய்த பாட்டு அல்ல இது, கண் முன்னே பிறக்கிற பாட்டு என்று அவனுக்குப் புரிகிறது. அப்படித்தான் ராக் ரசிகர்கள் பலர் ஜாஸ் வீட்டுக்குள் நுழைந்தார்கள். நுழைந்தவர்கள் பிறகு ‘கைண்ட் ஆப் புளூ’ தட்டையும் தேடிப் பிடித்துக் கேட்டார்கள்.

அந்த ஆகஸ்டு மாதம் இங்கிலாந்தில் வைட் தீவு விழா. லட்சக்கணக்கான மக்கள் முன் மைல்ஸ் அரை மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாமல் வாசித்தார். அதே விழாவில் ஹெண்ட்ரிக்சும் வாசித்தார். இருவரும் சேர்ந்து ஒரு தட்டுப் பதிவு செய்ய நினைத்திருந்தார்கள். பீட்டில்ஸ் குழுவின் பால் மக்கார்ட்னியையும் சேர்த்துக்கொள்ள 1969 அக்டோபரில் தந்தி கூடக் கொடுத்தார்கள். அது நிறைவேறவில்லை. 1970 செப்டம்பர் 18-ந் தேதி ஹெண்ட்ரிக்ஸ் 27 வயதில் இறந்துபோனார். அவருடைய இறுதிச் சடங்குக்கு மைல்ஸ் சென்றார்.

தமிழர் தொடர்பு

மைல்சிடம் வாசித்தவர்கள் பிரிந்து போய்த் தனித்தனிக் குழு அமைத்தார்கள். சாவினுலும் வேய்ன் ஷார்ட்டரும் ‘வெதர் ரிப்போர்ட்’ குழுவைத் தொடங்கினார்கள். கோரியா ‘ரிட்டர்ன் டு பாரெவர்’ குழுவையும், ஹான்காக் ‘ஹெட் ஹன்டர்ஸ்’ குழுவையும் அமைத்தார்கள். மக்லாக்ளின் ‘மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா’ என்று பெயர் வைத்தார்.

இந்த மக்லாக்ளின் பிறகு நம் இசையின் பக்கம் திரும்பினார். டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றார். வயலின் எல். சங்கர், கடம் விக்கு விநாயகராம், தபலா ஜாகிர் உசேன் ஆகியோருடன் ‘சக்தி’ என்ற குழுவை அமைத்தார். 1976-ல் அதன் முதல் தட்டு வெளிவந்தது. மின்சார ஒலியில் தொடங்கிய பயணம் மண் கடத்தின் நாதத்தில் வந்து நின்றது!

மௌனமும் மறுபடியும் மேடையும்

மைல்ஸ் குறையில்லாத மனிதர் அல்ல. முன்கோபக்காரர். மனைவியை அடித்ததைத் தம் சுயசரிதையில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஹெராயினை விட்டவர், கொக்கெயின் என்னும் இன்னொரு போதையில் சிக்கினார்.

1972-ல் ஒரு கார் விபத்தில் அவருடைய இரு கணுக்கால்களும் முறிந்தன. இடுப்பு வலி வேறு. 1975-ல் வாசிப்பதை நிறுத்தினார். ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் வீட்டுக்குள் அடைந்து கிடந்தார். டிரம்பெட் மூலையில் கிடந்தது. இனி அவர் வரமாட்டார் என்றே உலகம் நினைத்தது.

1981-ல் மறுபடியும் வந்தார். உதடு பழக்கம் விட்டுப் போயிருந்தது. பாலபாடத்திலிருந்து தொடங்குவதுபோல் ஊதிப் பழகினார். 1986-ல் ‘டூட்டு’ என்ற தட்டை வெளியிட்டார். தென்னாப்பிரிக்காவில் நிறவெறியை எதிர்த்துப் போராடிய டெஸ்மண்ட் டூட்டுவின் பெயர் அது. பேர்ட்லண்ட் வாசலில் அடிபட்டவர் அந்தப் பெயரை வைத்ததில் வியப்பு இல்லை.

பழைய பாட்டுகளைத் திரும்ப வாசிக்க மாட்டேன் என்று ஆண்டுக்கணக்கில் பிடிவாதமாக இருந்தவர், 1991 ஜூலையில் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோ விழாவில் 1950-களின் இசையை மீண்டும் வாசித்தார். அதே ஆண்டு செப்டம்பர் 28-ந் தேதி கலிபோர்னியாவில் காலமானார். அப்போது அவருக்கு வயது 65.

2006-ம் ஆண்டு ராக் இசையின் புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். ராக் பாடகர் அல்ல அவர். கடைசி வரை ஜாஸ் வித்வான். ஆனாலும் ராக் உலகம் அவரைத் தம்மவர் என்று வரவேற்றது. இளைஞர்கள் கேட்பதை இரைச்சல் என்று தள்ளாமல், அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட பெரியவர் அல்லவா அவர்!