ஓயாது கற்ற ஐயர்

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பது பழமொழி. வேட்டை நாயைக் குட்டிப் பருவத்திலேயே பழக்க வேண்டும், முதிர்ந்த நாய் புதிதாக ஒன்றையும் கல்லாது என்று கருதுவாரும் உளர். ஆனால், நாய்களைப் பழக்குவோர் இதனை ஒப்புவதில்லை. நாள்தோறும் சிறிது சிறிதாகப் பொறுமையுடன் பழக்கினால், முதிர்ந்த நாயும் புதிய ஏவலைக் கற்றுக்கொள்ளும். விலங்கிற்கே இஃது இயலுமாயின், பகுத்தறிவு படைத்த மனிதனுக்குக் கல்வியின் வாயில் எவ்வயதில் அடைபடும்? இவ்வுண்மைக்குச் சான்றாக வாழ்ந்தவர் வ. வே. சு. ஐயர்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த வரகனேரியைச் சேர்ந்த வேங்கடேச ஐயருக்கு மைந்தராக 1881ஆம் ஆண்டில் சுப்பிரமணியம் தோன்றினார். கல்லூரியில் வரலாற்றையும் இலத்தீன் மொழியையும் பயின்றார். வழக்கறிஞராய்ப் பணியாற்றியபின் இரங்கூன் சென்றார். 1907இல் பாரிஸ்டர் கல்விக்காக இலண்டன் சேர்ந்தார். அங்கே விடுதலை வேட்கை அவரை ஆட்கொண்டது. தேர்வில் வென்றும், ஆங்கில அரசுக்குப் பணிவு கூறும் உறுதிமொழியை ஏற்க மறுத்துப் பாரிஸ்டர் பட்டத்தைத் துறந்தார். அரசு அவரைப் பிடிக்க முனைந்தது. ஐயர் மாறுவேடம் பூண்டு தப்பி, 1910ஆம் ஆண்டில் புதுச்சேரியை அடைந்தார்.

புதுச்சேரி அந்நாளில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. பாரதியாரும் அரவிந்தரும் அவருக்கு முன்னரே அங்கு அடைக்கலம் புகுந்திருந்தனர். ஆங்கில அரசின் ஒற்றர்களோ இரவும் பகலும் அவர்களைக் கண்காணித்தனர். எல்லையைக் கடந்தால் சிறை. எல்லைக்குள் இருந்தால் வறுமை. இத்தகைய நிலையில் காலத்தை வீணே கழிப்போர் பலர். ஐயரோ, அந்நகரையே தமக்குக் கல்விக்கூடமாக்கிக் கொண்டார். கம்பரையும் வள்ளுவரையும் ஆழ்ந்து கற்றார். மேலைநாட்டுப் பெருங்காவியங்களைக் கம்பர் காவியத்தோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். உடற்பயிற்சியைப் போற்றி, இளைஞர்க்கும் அதனைக் கற்பித்தார்.

1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், எம்டன் என்னும் செருமானியக் கப்பல் சென்னையின்மீது குண்டு வீசியது. அதன்பின், புதுச்சேரியிலிருந்த தேசபக்தர்களை ஆப்பிரிக்காவுக்கு நாடு கடத்துமாறு ஆங்கில அரசு வற்புறுத்தியது. நாளை எங்கிருப்போம் என்று அறியாத அவ்வேளையில், ஐயர் திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்க்கத் தொடங்கினார். நாடு கடத்தப்படின், தமிழர்க்குத் தாம் விட்டுச்செல்லும் செல்வமாக அந்நூல் நிற்கட்டும் என்பது அவர் எண்ணம். 1330 குறட்பாக்களின் மொழிபெயர்ப்பும் 1916இல் நூலாக வெளிவந்தது. மேலைநாட்டார் வளர்த்த சிறுகதைக் கலையையும் அவர் கற்றுத் தமிழுக்கு ஆக்கினார். ஓர் அரசமரம் கதை கூறுவதாக 1915இல் அவர் எழுதிய சிறுகதை, தமிழின் தொடக்ககாலச் சிறுகதைகளுள் சிறப்பிடம் பெற்றது.

1920இல் ஐயர் சென்னைக்கு மீண்டு, தேசபக்தன் இதழின் ஆசிரியரானார். மறு ஆண்டே அரசு அவரைச் சிறையிட்டது. பெல்லாரிச் சிறையில் கழித்த ஒன்பது திங்களிலும் அவர் கல்வி தடைப்படவில்லை. கம்பராமாயணத்தைப் பற்றிய ஆங்கில ஆராய்ச்சி நூலை அவர் அங்குதான் எழுதினார்.

ஏட்டுக் கல்வியோடு கைத்தொழிலும் உடற்பயிற்சியும் அளிக்க விரும்பி, 1922இல் சேரன்மாதேவியில் குருகுலம் கண்டார். அங்கே அந்தண மாணவர் இருவர்க்குப் பெற்றோர் விருப்பப்படி தனியே உணவளிக்கப்பட்டது. பொதுப் பணத்தால் நடைபெறும் நிலையத்தில் பிறப்பால் வேற்றுமை பாராட்டுதல் தகாது என்று வரதராசலு நாயுடு, பெரியார் ஈ. வெ. இராமசாமி முதலியோர் கண்டித்தனர். தமிழகமெங்கும் கிளர்ச்சி எழுந்தது. நாட்டு விடுதலைக்குத் தம் வாழ்வையே ஈந்தவரும் இதில் வழுவினார். பல மொழி நூல்களைக் கற்றவர்க்கும், மக்களிடமிருந்து கற்கவேண்டிய பாடம் எஞ்சியே இருந்தது.

1925ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஐயர் குருகுல மாணவர்களுடன் பாபநாசம் அருவிக்குச் சென்றார். அவர் மகள் சுபத்திரை அங்கே நீரில் வீழ்ந்தாள். அவளைக் காக்கப் பாய்ந்த தந்தையையும் வெள்ளம் கொண்டு சென்றது. அப்போது அவருக்கு வயது நாற்பத்து நான்கு.

மாணவர்களே! பள்ளியை விட்டு நீங்கும் நாளில் கல்வி முடிந்துவிடுவதில்லை. வறுமையும் சிறையும் ஐயரின் கல்வியைத் தடுக்கவில்லை. அவர் ஊக்கத்தை நாம் கைக்கொள்வோம். அவர் வாழ்வில் நேர்ந்த குறையிலிருந்தும் கற்போம்.